வா வா என்று ஒரு பெயர்

வீட்டில் என் பெயர் பாப்பா. பள்ளிக்கூடத்தில் வா வா. ஆதார் அட்டையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது கல்யாணமாகித் திருச்சிக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

வா வா வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1976 ஜூன் மாதம், ரங்கூனில் அடைமழை. எனக்கு ஐந்து வயது. அப்பா ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் என்னையுமாகப் பள்ளிக்கூட வாசலில் ஏறினார். பர்மாவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பெயர் என்று தனியாக ஒன்று வைப்பார்கள். வீட்டில் முத்துவும் மாரியுமாக இருந்தாலும் பதிவேட்டில் ஏறுவது பர்மியப் பெயர்தான். மேசைக்குப் பின்னால் இருந்த சயாமா (பர்மாவில் ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவோம்) அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை என்ன கிழமை பிறந்தது?"

பிறந்த கிழமைதான் அங்கே பெயரின் முதல் எழுத்தைத் தரும். திங்கள் என்றால் க வரிசை. வியாழன் என்றால் ப வரிசை. புதன் என்றால் ல அல்லது வ. அதிலும் மத்தியானத்துக்கு முன்பா பின்பா என்று பார்ப்பார்கள், பின்பு என்றால் ராகு கணக்கில் போய்விடும். "புதன், விடியக்காலை" என்றார் அப்பா. சயாமா என் மஞ்சள் கவுனைப் பார்த்தார். பேனாவை எடுத்து 'வா வா' என்று எழுதினார். பர்மிய மொழியில் வா என்றால் மஞ்சள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "மஞ்சளா? மங்களமான பேருதான். வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் திருப்பிக்கொண்டாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அதற்கு வருகிறேன்.

நான் எழுத வந்தது 2020 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. இருபத்தொன்பது வருடம் கழித்து நான் ரங்கூனில் கழித்த ஒரு நாள். காலையில் பள்ளித் தோழர்கள், மாலையில் அயித்தை. அந்த மார்ச் கடைசியில் நோய்க்காக விமானங்கள் நின்றுபோயின. 2021 பிப்ரவரி 1-இல் அங்கே ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த நாளை நான் மனசுக்குள் எத்தனையோ தடவை நடந்து பார்த்துவிட்டேன். மறப்பதற்கு முன் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

நாங்கள் 1988-இல் பத்தாவது எழுதிய செட். அந்த வருடத்தைப் பர்மாக்காரர் யாரிடம் சொன்னாலும் ஒரு நிமிடம் பேச்சு நிற்கும். மார்ச்சில் ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆகஸ்ட் 8-இல் நாடே தெருவுக்கு வந்தது. செப்டம்பர் 18-இல் ராணுவம் நேரடியாக அமர்ந்தது. பல்கலைக்கழகங்களைப் பல வருடம் பூட்டி வைத்தார்கள். தேர்வு முடிந்து, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் நாங்கள். அந்த நாளை எங்களுக்கு வரவே இல்லை. சிலர் எல்லைக்குப் போனார்கள், சிலர் கடையில் உட்கார்ந்தார்கள், சிலர் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தகவல் இல்லை. நான் 1991-இல் கல்யாணம் முடித்துத் திருச்சிக்கு வந்து, ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன்.

எங்களைத் திரும்பச் சேர்த்தது கைப்பேசி. 2014 வரை பர்மாவில் சிம் அட்டை பணக்காரர் பொருள். அந்த வருடம் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்கு விற்க ஆரம்பித்ததும் ஊரே ஃபேஸ்புக்கில் இறங்கியது. 2018-இல் என்னையும் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவள் என் பெஞ்சுக்காரி. பத்து வருடம் என் வலது பக்கத்தில் உட்கார்ந்தவள். சீனத் தெரு நூடுல்ஸ் கடைக்காரர் மகள். அவள் அனுப்பிய முதல் செய்தி என் கைப்பேசியில் உடைந்த எழுத்துகளாக வந்தது. பர்மாவில் அப்போது எல்லோரும் ஸாஜீ என்ற எழுத்துருவில் அடித்தார்கள், என் கைப்பேசிக்கு யூனிகோடு மட்டும்தான் தெரியும். "படிக்க முடியல" என்று நான் திருப்பி அனுப்பியதும் ஒரு காகிதத்தில் கையால் எழுதி அதைப் படம் பிடித்து அனுப்பினாள்.

அந்தக் கையெழுத்து! வட்ட வட்டமாக, ஒவ்வொரு சுழியையும் மூடாமல் கடைசியில் ஒரு நூல் இடைவெளி விட்டு எழுதுவாள். பிழை பார்த்தே பிழைக்கிறவள் நான், எத்தனையோ பேர் கையெழுத்தைப் பார்க்கிறேன். இதை மட்டும் இருட்டில் தடவினாலும் சொல்லிவிடுவேன். "சயாமாவுக்கு எண்பத்தாறு வயது. கடோ ப்வே வைக்கிறோம். வா வா வர வேண்டும்" என்று எழுதியிருந்தாள். தமிழில் அதை வாய்விட்டுப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கடோ ப்வே என்றால் வணங்கும் விழா. பர்மாவில் பழைய மாணவர்கள் வெறுமனே கூடிச் சாப்பிட்டுக் கலைவதில்லை. தங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை அழைத்து உட்கார வைத்துத் தரையில் விழுந்து வணங்குவார்கள். நாம் மாதா, பிதா, குரு, தெய்வம் என்று படி வைத்துச் சொல்கிறோம். அவர்கள் புத்தர், தம்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐந்தையும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள். புத்தருக்குச் செய்கிற அதே வணக்கம்தான் கணக்கு சயாமாவுக்கும்.

காலை எட்டு மணிக்கே பள்ளி மண்டபத்துக்குப் போய்விட்டேன். முந்தின நாள் சுதந்திர தினம். தெருவை மறித்துப் பிள்ளைகள் சாக்கு ஓட்டம் ஓடிய சுண்ணாம்புக் கோடுகள் இன்னும் அழியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஒரு குரல். "வா வா!" அந்தப் பெயரை ஒரு வாய் சொல்லிக் கேட்டு இருபத்தொன்பது வருடம். நிமிர்ந்தால் பெஞ்சுக்காரி. தலை நரைத்து, கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, பச்சை தமெயின் (பர்மியப் பெண்கள் கட்டும் கைலி) கட்டியிருந்தாள். பள்ளிச் சீருடைப் பச்சை. அன்றைக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் அந்தப் பச்சையில்தான் வந்திருந்தார்கள். யாரும் சொல்லி வைத்துக்கொண்டு கட்டவில்லையாம்.

அறுபது பேருக்கு மேல் இருந்தோம். ஆசிரியர்கள் பதினொரு பேர். சயாமாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நான் முன்னே போய் மண்டியிட்டேன். கண் சரியாகத் தெரியவில்லை அவருக்கு. என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். "யார்?" என்றார். பெயரைச் சொன்னேன். "புதன்கிழமைப் பிள்ளை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எத்தனை நூறு பிள்ளைகளுக்குப் பெயர் எழுதியிருப்பார்! எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை, தூண் பக்கம் போய்விட்டேன்.

எல்லோரும் பாயில் வரிசையாக உட்கார்ந்தபோது ஒரு பிக்கு உள்ளே வந்தார். எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாய்ப்பாடு ஒப்பிக்காமல் சயாமாவிடம் அதிகமாகப் பிரம்படி வாங்கியவன். சட்டையைத் தூக்கித் தழும்பைப் பெருமையாகக் காட்டுவான். அவர்தான் இவர். இருபது வருடத்துக்கு மேலாகத் துறவியாம். உயரமான ஆசனத்தில் உட்கார்ந்தார். துறவி அல்லாத யாரையும் பிக்கு வணங்கக் கூடாது, பிக்குவைத்தான் மற்றவர்கள் வணங்க வேண்டும். சயாமா நாற்காலியிலிருந்து தன்னை இறக்கிவிடச் சொன்னார். "வேண்டாம், இருந்த இடத்திலேயே கும்பிடுங்கள்" என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, தரையில் அமர்ந்து, நெற்றி பாயில் படும்படி மூன்று தடவை வணங்கினார். தான் அடித்த பிள்ளையை. பிக்கு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் மடியில் இருந்த விரல்கள் மட்டும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன. எழுந்து காலைத் தொட அந்தக் கைகள் எவ்வளவு துடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் முறை. உடலால், சொல்லால், மனத்தால் உங்களுக்குச் செய்த பிழை எல்லாம் பொறுத்தருளுங்கள் என்று ஒருவர் சொல்லச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்லி வணங்கினோம். தேங்காய், வாழைத்தாறு, கம்பளிச் சட்டை, சத்துமாவு டப்பா, காசு வைத்த உறை என்று எல்லா ஆசிரியருக்கும் கொடுத்தோம். அது முடிந்து தம்பௌ பிரியாணி பரிமாறிக்கொண்டிருக்கும்போது வகுப்புத் தோழர் ஒருவர் என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சின்ன வயதில் உன்னைக் 'கலாமா' என்று கூப்பிட்டிருக்கிறேன். இன்று பிழை பொறுக்கக் கேட்கிற நாள். உன்னிடமும் கேட்கிறேன்" என்றார். இந்தியர்களை இழிவாகச் சொல்கிற சொல் அது. அந்தச் சொல்லை நான் மறந்ததில்லை, ஆனால் சொன்னவரின் முகம் மறந்துபோயிருந்தது. அவருக்கு நினைவிருக்கிறது! அவர் தட்டில் என் தட்டிலிருந்து ஒரு துண்டு கறியை எடுத்து வைத்தேன். அப்போது எனக்கு வந்த பதில் அதுதான்.

பெஞ்சுக்காரி கைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் தாள் கட்டு. பிரித்துப் பார்த்தால் வேதியியல் குறிப்புகள். ஊதா நிறம், மங்கல், சில இடங்களில் வரிகளே இல்லை. கார்பன் பிரதி.

இதைச் சொல்ல 1987-க்குப் போக வேண்டும்.

அப்பாவுக்கு மொகல் தெருவில் காலைத் தோசைக்கடை. இப்போது ஷ்வே போந்தா தெரு என்பார்கள். தோசையைப் பர்மியர்கள் 'தோ ஷே' ஆக்கிவிட்டார்கள். அவர்கள் எழுத்துக்கு அதைக் 'குட்டை-நெட்டை' என்றும் படிக்கலாம். அப்பா நாள் முழுக்க அடுப்பில் வெந்து சேர்த்த பணம் நாற்பது எழுபத்தைந்து கியாட் நோட்டு. மூவாயிரம் கியாட். டிரங்குப் பெட்டியில் அக்கா கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தார். 75 கியாட் நோட்டு வந்ததே 1985-இல்தான், முந்தின 100, 50, 20 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று சொன்ன கையோடு. அப்போதாவது கொஞ்சம் மாற்றித் தந்தார்கள். 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை, 25, 35, 75 மூன்றும் செல்லாது என்று அறிவித்தார்கள். இந்தத் தடவை மாற்றித் தருவதும் கிடையாது. அப்பா நோட்டுகளைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு மத்தியானம் வரை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பது. மறுபடியும் நாற்பது. அப்பத்தா வந்து அத்தனையையும் அள்ளி முந்தானையில் கட்டிக்கொண்டு போனாள்.

பிறகு 45, 90 என்று புது நோட்டு வந்தது. ஒன்பதால் வகுபடும் எண்கள். 90 கொடுத்து 13-க்குச் சாப்பிடுகிறவருக்கு மீதி எவ்வளவு என்று அப்பா என்னைத்தான் கேட்பார். நான் காலையில் கடையில் நின்று கணக்குச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்.

பத்தாவதுக்கு டியூஷன் இல்லாமல் தேறுவது அங்கே நடக்காத காரியம். என் டியூஷன் அந்த மாதமே நின்றது. பெஞ்சுக்காரி வீட்டுக்கும் நஷ்டம்தான், எங்களைவிட அதிகம். ஆனால் அவளுக்கு வருடக் கட்டணத்தை ஜூனிலேயே கட்டியிருந்தார்கள். அவள் தினமும் காலையில் எனக்கு ஏழெட்டுத் தாள் கொடுப்பாள். "நேற்று நடந்தது. படித்துவிட்டு நீயே வைத்துக்கொள்" என்பாள். நீல மையில், முத்து முத்தாக. நான் அவள் இரண்டு தடவை எழுதுகிறாள் என்றே நினைத்திருந்தேன். முப்பத்திரண்டு வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"மேல் தாள் உனக்கு, அடித்தாள் எனக்கு" என்றாள் அன்று மண்டபத்தில். கார்பன் தாள் அப்போது கிடைக்காத சரக்கு. அவள் மாமா கணக்கெழுதுகிற இடத்தில் தேய்ந்து தூக்கிப் போடுவதை எடுத்து வந்திருக்கிறாள். அதனால்தான் அந்த மங்கல்.

"தெளிவானதை நீ வைத்துக்கொண்டிருக்கலாமே" என்றேன்.

"நான் வாத்தியார் சொன்னதைக் காதால் கேட்டவள். உனக்கு அந்தத் தாள் மட்டும்தானே இருந்தது" என்றாள். சொல்லிவிட்டு ஊறுகாய்த் தேயிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

நான் வேதியியலில் தேறினேன். அவள் அந்தப் பாடத்தில் தேறவில்லை. பிறகு மறுபடி எழுதித்தான் முடித்தாள். இது எனக்கு அன்றே தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

"உன் மேல் தாள் எல்லாம் எங்கே?" என்று கேட்டாள்.

1991-இல் புறப்படும்போது டிரங்குப் பெட்டியோடு அயித்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். "சிரியத்தில்" என்றேன். "இன்றைக்குச் சாயங்காலம் அங்கேதான் போகிறேன்." "நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன்" என்றாள்.

சிரியம் என்பது பழைய பேர், இப்போது தன்லின். நான் அங்கே இருந்தவரை ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். 1993-இல் பாலம் வந்தது, நடுவில் ரயில், இரண்டு பக்கமும் வண்டிகள். அவள் கார் ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்தது. பர்மாவில் 1970-இல் சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும் என்று மாற்றினார்கள், கார்கள் மட்டும் வலது பக்கம் ஸ்டியரிங் உள்ளவையாகவே வந்துகொண்டிருந்தன. முன்னால் போகிற லாரியைத் தாண்டலாமா என்று இடது பக்கம் இருக்கிற நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போ", "இரு" என்று சொல்லிக்கொண்டே போனேன். பழைய பெஞ்சு மாதிரியே இருந்தது, அவள் வலது, நான் இடது.

பாலம் தாண்டிச் சௌதான் சாலையில் திரும்பினால் பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் வழி. அந்த வட்டாரம் முழுக்கத் தமிழர் வயல்கள் உண்டு. நெல் அறுத்த தாளடியில் உளுந்து போட்டிருந்தார்கள், பச்சைப் பசேல் என்று. நம் ஊர் மளிகைக் கடையில் பர்மா உளுந்து என்று விற்பது இப்படிப்பட்ட வயல்களில் விளைவதுதான். 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு அளவு கட்டியபோது பர்மாவில் உளுந்து விலை விழுந்தது. திருச்சியில் நான் அதைச் செய்தியாகப் படித்துப் பக்கம் திருப்பிவிட்டேன். அயித்தை மகன் அந்த வருடம் ஒரு மாட்டை விற்றிருக்கிறான். அதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அயித்தை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எண்பத்து நாலு வயது. கார் கதவு திறந்ததும் கையைத் தூக்கினாள். "வா... வா..."

பெஞ்சுக்காரி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "உன் அத்தைக்கு உன் பள்ளிக்கூடப் பெயர் தெரியுமா?"

நான் விளக்கிச் சொன்னதும் நடுவாசலில் நின்று சிரித்தாள். "அப்படியானால் பத்து வருடமாக நான் உன்னைத் தமிழில் கூப்பிட்டிருக்கிறேன்!" அயித்தைக்கு அதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன். அயித்தை சிரிக்கவில்லை. என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா வச்ச பேரு மாதிரி ஆயிருச்சுல்ல" என்றாள்.

அப்பத்தா கதை இதுதான். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு விழுந்தது. தாத்தா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அப்பத்தாவையும் பிள்ளைகளையும் சிரியம் பக்கத்துக் கிராமத்தில் விட்டுவிட்டு, ஆலை ஆட்களோடு பிப்ரவரியில் அரக்கான் வழியாக நடந்து புறப்பட்டார். "ஊருக்குப் போய்க் கூப்பிடுறேன்" என்றாராம். அப்படி நடந்தவர்கள் பல லட்சம் பேர். வழியில் காலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்கள் ஆயிரமாயிரம். தாத்தா ராமநாதபுரமும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. 1964-இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் அத்தனை பேரும் சென்னைக் கப்பல் ஏறியபோது அப்பத்தா அசையவில்லை. "அந்த மனுசன் தேடி வந்தா இந்த வாசலுக்குத்தான வருவாக" என்றாளாம். அப்பாவும் அயித்தையும் அவளுக்காகத் தங்கினார்கள். நான் பர்மாவில் பிறந்ததற்குக் காரணமே அந்தக் காத்திருப்புதான். அப்பா 2003-இல் போனபோது என்னால் வர முடியவில்லை. அந்தத் தலைமுறையில் மிச்சம் அயித்தை ஒருத்திதான்.

சாப்பாடு தயாராக இருந்தது. புளிச்சக்கீரையில் மூங்கில் குருத்தும் காய்ந்த இறாலும் போட்டுப் பர்மிய முறையில் வதக்கல், பக்கத்தில் நம் ஊர் மீன் குழம்பு, உளுந்து வடை. பெஞ்சுக்காரி கையால் பிசைந்து மூன்று தடவை சோறு வாங்கினாள். அயித்தைக்கு இதைவிடச் சிபாரிசு வேண்டியதில்லை. பேத்தி பதின்மூன்று வயது, எங்களுக்குப் பர்மிய மொழியில்தான் பதில் சொன்னாள். ஞாயிறு காலையில் கோயிலில் தமிழ் வகுப்புக்குப் போகிறாளாம். நோட்டைக் காட்டினாள். பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. பென்சிலால் அழுத்தி அழுத்தி 'பொங்கல் வாழ்த்துக்கள்' என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். முப்பது வருடமாக அந்த 'க்'கை அச்சகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறவள் நான். பென்சிலை வாங்கி, கீழே என் கையெழுத்தில் 'பாப்பா அயித்தை பார்த்தேன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

டிரங்குப் பெட்டி கட்டிலடியில் இருந்தது. 2008 மே மாத நர்கீஸ் புயலில் கூரை போய், ஒரு ராத்திரி முழுக்க இந்தப் பெட்டி மேல்தான் பேத்தியைத் தூக்கி வைத்திருந்தார்களாம். கைக்குழந்தை அப்போது. திறந்து பார்த்தேன். அப்பாவின் கைலி, அம்மாவின் பித்தளைக் குங்குமச் சிமிழ், அடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் நாற்பது எழுபத்தைந்து கியாட் நோட்டு. அப்பத்தா எறியவே இல்லை. தாள்கள் மட்டும் இல்லை.

"அயித்தை, இதுல கட்டுக் கட்டா தாளு இருந்துச்சே, பர்மா எழுத்துல..."

"அதுவா? அது எங்குட்டு இருக்கப்போகுது. நீ போன மறுவருசம் ஓந்தம்பி படிச்சான். அப்புறம் கோயில் பூசாரி மகன். பெறகு எதுத்த வீட்டு மோன் இனத்துப் புள்ளைக ரெண்டு பேரு. ஊரே கொண்டுபோயி படிச்சுச்சு. கிழிஞ்சு கிழிஞ்சு சோத்தப் போட்டு ஒட்டி ஒட்டி... அந்தப் புள்ளைகள்ல ஒண்ணு இப்ப டீச்சரு."

நான் மொழிபெயர்த்தேன். பெஞ்சுக்காரி எதுவும் பேசாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து அந்த ஊதாக் கட்டை எடுத்து அயித்தை மடியில் வைத்தாள். அயித்தைக்குப் பர்மிய எழுத்து தெரியாது. ஆனால் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் ஒரு சுழியைத் தொட்டாள். மூடாத சுழி. "இதே கையிதான்" என்றாள். "ஏத்தா, இவளா எழுதுனது?" எழுந்து நிற்க முடியாதவள் இரண்டு கையையும் நீட்டினாள். "வா. இங்கிட்டு வா."

இந்தத் தடவை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பெஞ்சுக்காரி பாயைத் தாண்டிப் போய், காலையில் சயாமா முன்னால் எப்படி உட்கார்ந்தாளோ அப்படியே அயித்தை காலடியில் உட்கார்ந்தாள். அயித்தை அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "முனீஸ்வரா, இந்தப் புள்ளைய நல்லா வையி" என்றாள்.

கிளம்பும்போது இருட்டிவிட்டது. அயித்தை இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இறால் பிலாச்சான் (காய்ந்த இறாலை வறுத்துச் செய்யும் தொடுகறி) அடைத்து வைத்திருந்தாள், இரண்டுக்கும் ஒரே மாதிரி துணி வேடு கட்டி. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. "போயிட்டு வாங்கத்தா" என்று வாசல் வரை நாற்காலியைத் தள்ளச் சொல்லி வந்தாள். கார் திரும்பும்வரை கையைத் தூக்கியபடி இருந்தாள். நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு ரயில் கொஞ்ச தூரம் கூடவே வந்தது, ஜன்னலெல்லாம் மஞ்சள் வெளிச்சம்.

"கடைசியில் உன் அத்தை என்ன சொன்னார்?" என்றாள்.

"போய்விட்டுத் திரும்பி வா என்றார். நாங்கள் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டோம், 'போ' என்றும் சொல்ல மாட்டோம்."

அவள் ரயில் தாண்டிப் போகும்வரை அதை முணுமுணுத்துப் பார்த்தாள். "போத்து வா. போய்த்து வா." பிறகு, "கடைசியில் வருகிறது நீதானே?" என்றாள்.

"ஆமாம்" என்றேன். முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்து, "இரு, வண்டி வருகிறது" என்றேன்.